கற்பனைச் சமூகத்துக்கு ஓர் இசை நாடக மரபைக் கட்டுவது எப்படி: வரிசைப்படி முழு வழிகாட்டி

நாவலோ விளையாட்டோ காமிக்ஸோ, கற்பனை உலகம் ஒன்றை உருவாக்குகிறவர்கள் எங்காவது ஓரிடத்தில் அந்த மக்களைத் திருவிழாவுக்குக் கூட்டி, மேடை போட்டு, ஆடிப் பாட வைப்பார்கள். வரைபடமும் அரச வம்சமும் அவ்வளவு கவனமாகச் செய்யப்பட்ட உலகம் சரியாக அந்த அத்தியாயத்தில்தான் பொய்யாகத் தெரியத் தொடங்கும். புதிதாக எழுத வருகிறவர்களின் கையெழுத்துப் படிகளைப் படித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்த காரணம் ஒன்றுதான். எல்லோரும் பாட்டிலிருந்து தொடங்குகிறார்கள். நாலு வரிப் பாட்டு, மினுங்கும் உடை, வாயில் நுழையாத ஒரு பெயர். அந்தப் பாட்டு கடைசி வரிசையில் நிற்பவருக்குக் கேட்குமா, அந்த உடை ஏன், பாடுகிறவருக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

உலகத்தில் உள்ள எந்த நாடக மரபை எடுத்தாலும், நமக்கு அழகாகத் தெரிகிற பாதி விஷயங்கள் ஏதோ ஓர் இக்கட்டைச் சமாளிக்கக் கண்டுபிடித்தவை. வெளிச்சம் போதாது, சத்தம் எட்டாது, சட்டம் விடாது. அதனால் இக்கட்டை முதலில் முடிவு செய்யுங்கள், பாட்டைக் கடைசியில் எழுதுங்கள். கீழே உள்ள வரிசை அப்படித்தான் போகிறது.

வெறும் விதியாகச் சொன்னால் பிடிபடாது என்பதால் இந்த வழிகாட்டிக்காகவே ஒரு சமூகத்தை உருவாக்கிக்கொள்கிறேன். வற்றுக்கரையார் என்று வைத்துக்கொள்வோம். கடல் உள்வாங்கும்போது வெகுதூரம் சேறு தெரியும் கரை. அதில் மட்டி பொறுக்கி வாழ்கிறவர்கள். அவர்களுக்கு எழுத்து கிடையாது. ஒவ்வொரு படியிலும் இவர்களுக்கு என்ன முடிவு எடுக்கிறோம் என்று பார்ப்போம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் சமூகத்தைப் பற்றிச் சில விஷயங்கள் முடிவாகியிருக்க வேண்டும்: நிலமும் காற்றும் எப்படி, வருஷத்தில் எந்த மாதங்களில் வேலை குறைவு, கைக்குக் கிடைக்கும் பொருட்கள் என்ன (மரம், தோல், உலோகம், சங்கு), எழுதப் படிக்கத் தெரியுமா, ஒன்றைத் தடை செய்யும் அதிகாரம் யாரிடம். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நடுவில் நின்றுவிடுவீர்கள். குறிப்பாகப் பொருட்களை முடிவு செய்யாமல் கருவியை எழுத முடியாது. மரமே இல்லாத ஊரில் பெரிய மரமேடை போட்ட கையெழுத்துப் படிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மரபுகளின் நிகழ்ச்சிகளையாவது முழு நீளத்துக்குப் பாருங்கள். ஐந்து நிமிட வீடியோ துண்டு வேண்டாம். துண்டில் உச்சக் கட்டம் மட்டும் இருக்கும். கருவியைச் சுருதி சேர்ப்பது, வேடக்காரர் வராமல் பாடகர் நேரத்தை இழுப்பது, பார்க்கிறவர்கள் பாதியில் எழுந்து போய்த் திரும்பி வருவது எல்லாம் முழு நிகழ்ச்சியில்தான் தெரியும். உங்கள் உலகத்துக்கு உயிர் கொடுக்கப் போவது அந்த இடைவெளிகள்தான்.

1. யாருக்காக ஆடுகிறார்கள், யார் செலவு செய்கிறார்கள்

இதுதான் முதல் படி, ஏனென்றால் நீளம், கதை, மேடை எல்லாமே இதிலிருந்து பிறக்கும். மேற்கத்திய இசை நாடகமான ஓபரா முதலில் இத்தாலிய அரண்மனைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் நடந்தது. 1607இல் மாந்துவா அரண்மனையில் இசையமைப்பாளர் மொன்டெவெர்தியின் 'ஓர்ஃபியோ' அரங்கேறியது. 1637இல் வெனிஸில் சான் கஸ்ஸியானோ அரங்கம் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களை உள்ளே விட்டது. அரண்மனைக் கல்யாணத்துக்காகச் செய்தது ஒருமுறை நடந்தால் போதும். காசு கொடுத்து வந்தவரை அடுத்த மாதமும் வரவைக்க வேண்டுமென்றால் கதையும் பாட்டும் வேறு மாதிரி அமையும். தெருக்கூத்தோ திரௌபதி அம்மன் திருவிழாவோடு கட்டப்பட்டது. எந்த இரவில் எந்தக் கதை என்பதை விழாவே சொல்லிவிடும், கூத்தாடிகளின் விருப்பம் அங்கே இரண்டாம் பட்சம்.

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: முதன்மைப் பார்வையாளர் மனிதரா? தெய்வத்துக்கோ இறந்தவருக்கோ ஆடுகிற ஆட்டம் மழையில் கூட்டம் கலைந்தாலும் நிற்காது. வற்றுக்கரையார் பருவம் தொடங்கும் முன் கடலிடம் அனுமதி கேட்பதற்காக ஆடுகிறார்கள். கடல்தான் பார்வையாளர். அப்படியென்றால் ஆடுகிறவர்கள் கடலைப் பார்த்து நிற்க வேண்டும், கரையில் நிற்கும் மக்களுக்கு முதுகுதான் தெரியும். இந்த ஒரு முடிவு பின்னால் என்னவெல்லாம் செய்யப் போகிறது என்று பாருங்கள்.

செலவு, வீட்டுக்கு ஒரு கூடை மட்டி. ஒரே பணக்காரர் கொடுத்தால் கதையில் அவர் தாத்தா நல்லவராக வருவார், எல்லோரும் கொடுத்தால் எல்லோருக்கும் குறை சொல்ல உரிமை உண்டு. உங்களுக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. இடமும் நேரமும்

மேடையை எழுதும் முன் அளந்துகொள்ளுங்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இதற்கு நல்ல பாடம். 24 விரல் அளவுள்ள கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்லி, மூன்று வகைத் திரைகளைச் சொல்லி, தூண்களின் நிழல் இடைஞ்சலாக விழாதபடி விளக்கு வைப்பதையும் சொல்கிறது. அந்த நிழல் பற்றிய அக்கறை ஒன்று போதும், அங்கே உண்மையிலேயே யாரோ ஆடியிருக்கிறார்கள் என்று நம்புவதற்கு. உங்கள் மேடைக்கும் அப்படி ஒரு சிறு தொல்லையைக் கண்டுபிடியுங்கள்.

ஜப்பானின் நோ என்னும் முகமூடி நாடகத்தின் மேடை ஏறக்குறைய 6 மீட்டர் சதுரம், மூலைகளில் தூண்கள். முகமூடியின் கண் துளை மிகச் சிறியது என்பதால் முன்மூலைத் தூணைப் பார்த்துத்தான் நடிகர் தான் எங்கே நிற்கிறோம் என்று கணிக்கிறார். பார்க்கிறவருக்கு அந்தத் தூண் மறைப்பு. ஆனாலும் அதை எடுக்க முடியாது.

சரி, வற்றுக்கரையாருக்கு வருவோம். பெரும்பாலான கரைகளில் ஒரு வற்றத்துக்கும் (கடல் உள்வாங்கும் நேரம்) அடுத்த வற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் வற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக உள்வாங்கும், அந்தப் பெரிய வற்றம் ஒரே கரையில் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் அமையும். இவையெல்லாம் உண்மையான கடலின் கணக்கு. இதை வைத்து நான் முடிவு செய்வது: ஆட்டம் சேற்றுத் திடலில், நள்ளிரவை ஒட்டி, சுமார் நான்கு மணி நேரம். பௌர்ணமியில் ஒன்று, அமாவாசையில் ஒன்று. ஒன்று நிலா வெளிச்சத்தில் நடக்கும், மற்றது தீப்பந்தத்தில். எதையும் வலிந்து சேர்க்காமலே இரண்டு வகை நாடகங்கள் கிடைத்துவிட்டன.

இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. தண்ணீர் திரும்பி வந்தே தீரும். எனவே கதை முடிகிறதோ இல்லையோ ஆட்டம் முடியும். பல நூறு வருஷமாக இப்படி ஆடும் சமூகத்தில் சில கதைகளின் கடைசிக் காட்சியை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள், ஆடுகிறவர்களுக்கு மட்டுமே தெரியும். இதை நான் யோசித்து வைக்கவில்லை, இடமும் நேரமும் கொடுத்தது.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு விடிய விடிய ஆட்டம் என்று ஒரே வரியில் எழுதிவிடுவது. விடிய விடிய என்றால் விளக்குக்கு எண்ணெய், குழந்தைகள் தூங்க இடம், பாடகருக்கு மாற்று ஆள் எல்லாம் வேண்டும். ஜாவாவின் வயாங் குலித் நிழற்பாவைக் கூத்து இரவு முழுக்க நடப்பது, ஒரே தலாங் எல்லாப் பாவைகளையும் ஆட்டிக் குரல் கொடுப்பார். அதற்காகவே இரவை மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பண் வகை வைத்திருக்கிறார்கள். காதில் விழும் பண்ணை வைத்தே இரவு எவ்வளவு கழிந்தது என்று தெரிந்துவிடும்.

3. ஒலி எப்படி எட்டுகிறது

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். வெளியில் ஆடும் மரபுகள் பலவற்றில் முகவீணை மாதிரி சீவாளி வைத்த குழல்களும் உரத்த தாளக் கருவிகளும் இருப்பதும், தெருக்கூத்துக்காரர்கள் உச்சக் குரலில் பாடுவதும் இதனால்தான். மூடிய அரங்கில் வேறு வழி இருக்கிறது. பயிற்சி பெற்ற ஓபரா ஆண் குரலில் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு வலு கூடுகிறது, வாத்தியக் குழுவின் வலுவோ பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது, அதனால் ஒற்றைக் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே மேலே வந்துவிடுகிறது. உங்கள் சமூகம் எப்படிப் பாடும் என்பது கூரை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மென்மையான நரம்புக் கருவியை ஆயிரம் பேர் நிற்கும் திடலில் வைத்தால் யாருக்கும் கேட்காது.

சேற்றில் என்ன நடக்கும்? காலால் தட்டினால் சத்தம் வராது, சதங்கையில் சேறு அடைத்துக்கொள்ளும். ஆகவே தாளத்துக்குப் பலகை. ஈரக் காற்றில் தோல் தளரும், நெருப்பில் காட்டித்தான் மேளத்தை இறுக்க வேண்டும். எனவே நிலா வெளிச்சத்து ஆட்டத்திலும் ஓரத்தில் ஒரு நெருப்பு எரியும், அதைக் காக்க ஓர் ஆள் இருப்பார். சங்குக்கு ஈரம் ஒன்றும் செய்யாது, அதனால் முக்கியமான அறிவிப்புகள் சங்கில்.

அடுத்தது காற்று. பெரும்பாலான கரைகளில் அமைதியான இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். பாடுகிறவரோ கடலைப் பார்த்து நிற்கிறார். பாட்டு கடலுக்குப் போய்விடும், கரைப் பக்கம் நிற்கும் மக்களுக்குப் பாதிதான் கேட்கும். அப்படியானால் மக்களுக்குள்ளேயே ஒரு பின்பாட்டுக் குழு நின்று, ஒவ்வொரு அடியையும் திருப்பிப் பாட வேண்டும். முதல் படியில் எடுத்த முடிவு இங்கே ஒரு முழு அமைப்பைக் கொடுத்துவிட்டது. மக்கள் கேட்பது பின்பாட்டுக்காரர் சொல்வதை மட்டும்தான் என்பதையும் குறித்து வையுங்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

சுர அமைப்பை மேலோட்டமாக முடிவு செய்தால் போதும்: எத்தனை சுரம், எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுகிறார்களா இல்லை ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பாடுகிறார்களா, யார் முதலில் எடுப்பது. ஜாவாவின் வாத்தியக் குழுவான கமெலனில் ஐந்து சுரமுள்ள ஸ்லெந்த்ரோ, ஏழு சுரமுள்ள பெலோக் என்று இரண்டு அமைப்புகள் உண்டு, ஆனால் ஒவ்வொரு கருவித் தொகுதியும் தனக்கென்று ஒரு சுருதியில் செய்யப்பட்டது. ஒரு தொகுதியிலிருந்து ஒரு கருவியை எடுத்து வேறொன்றில் சேர்க்க முடியாது. கதைக்கு எவ்வளவு உதவும் செய்தி பாருங்கள், ஒரு கருவி திருட்டுப் போனால் அந்த ஊரின் இசையே ஊனமாகிவிடும். 'இதுவரை கேட்டிராத விசித்திரமான ராகம்' என்று எழுதுவதைவிட இது எத்தனையோ மடங்கு வேலை செய்யும்.

4. யார் பாடுவது, யார் பேசுவது

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். இசை நாடகத்தின் அடித்தளம் இதுதான், கிட்டத்தட்ட எல்லாப் புதியவர்களும் தாண்டிப் போகிற இடமும் இதுதான். உணர்ச்சி பொங்கினால் பாடுவார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். அது ஒரு வழி மட்டுமே.

கதகளியில் நடிகர் பாடுவதே இல்லை. பின்னால் நிற்கும் இரண்டு பாடகர்கள் பாடுவார்கள், நடிகர் கையாலும் கண்ணாலும் சொல்வார். இமாம் ஹுசைனின் மரணத்தை நடிக்கும் ஈரானின் தாஸியா நாடகத்தில் இமாம் பக்கத்து நல்லவர்கள் பாடுவார்கள், எதிரிகள் இசையில்லாமல் உரக்கப் பேசுவார்கள். வாயைத் திறந்த உடனே யார் எந்தப் பக்கம் என்று தெரியும். சீனத்தின் யுவான் காலத்து நாடகத்தில் பொதுவாக நான்கு பகுதிகள், முழு நாடகத்திலும் ஒரே ஒரு தலைமை நடிகர்தான் பாடுவார், மற்றவர்கள் பேசுவதோடு சரி. பழைய சம்ஸ்கிருத நாடகத்தில் மன்னனுக்குச் சம்ஸ்கிருதம், பெரும்பாலான பெண்களுக்கும் எளியவர்களுக்கும் பிராகிருதம். இவை ஒவ்வொன்றும் ஒரு சமூகம் எதை மதிக்கிறது என்பதைச் சொல்லிவிடுகின்றன.

உங்கள் விதியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் விதி இன்னும் உருவாகவில்லை என்று அர்த்தம். வற்றுக்கரையாரின் விதி: இறந்தவர்கள் பாடுவார்கள், உயிரோடு இருப்பவர்கள் பேசுவார்கள். கடலில் போனவர்கள் கடலுக்குச் சொந்தம், ஆகவே பாட்டு கடலுக்கு, பேச்சு மனிதருக்கு. பாடும்போது கடலைப் பார்ப்பார்கள், பேசும்போது மக்கள் பக்கம் திரும்புவார்கள்.

இந்த விதி கதைக்கு என்ன செய்கிறது என்று யோசியுங்கள். மீன் பிடிக்கப் போன மகன் திரும்பி வருகிறான், தாய் பேசுகிறாள், அவனும் பேசப் போகிறான் என்று கூட்டம் காத்திருக்கிறது, அவன் மெல்லக் கடல் பக்கம் திரும்பிப் பாட எடுக்கிறான். முதல் சுரத்திலேயே கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். தாய்க்குத் தெரியாது, அவள் இன்னும் அவன் முதுகோடு பேசிக்கொண்டிருக்கிறாள். விளக்கம் ஒரு வரி கூடத் தேவையில்லை, விதி வேலையைச் செய்துவிடும்.

விதி வைத்ததும் மீறலையும் ஒன்று வையுங்கள், ஒன்றே ஒன்று. உயிரோடு இருக்கும் ஒருவர் பாடக்கூடிய இடம் எது? கல்யாணமா, பொய்ச் சத்தியமா? நான் வைப்பது, கொலை செய்தவர் ஒரே ஒரு அடி பாடுவார் என்பது. மீறல் மூன்று நான்கு ஆனால் விதி செத்துவிடும்.

5. என்ன தடை இருந்தது

தடை இல்லாமல் வளர்ந்த மரபு கிடையாது. ஜப்பானின் கபுகி நாடகத்தில் பெண்கள் ஆடுவது 1629இல் தடையானது, இளைஞர்கள் ஆடியது 1652இல் தடையானது, அதற்குப் பிறகுதான் வயது வந்த ஆண்கள் பெண் வேடம் கட்டுவது ஒரு பெரும் கலையாக வளர்ந்தது. இங்கிலாந்தில் 1737இன் சட்டம் பேச்சு நாடகத்தைச் சில உரிமம் பெற்ற அரங்குகளோடு நிறுத்தியது, மற்ற அரங்குகள் பாட்டும் இசையும் சேர்த்துத் தப்பித்தன, 1843 வரை அந்த நிலை. பாரிஸ் சந்தைக் கொட்டகைகளின் கதை இன்னும் அருமை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடிகர்கள் பேசவோ பாடவோ கூடாது என்று நெருக்கியபோது, வரிகளைப் பலகையில் எழுதிக் காட்டினார்கள், எல்லோருக்கும் தெரிந்த மெட்டு என்பதால் கூட்டமே பாடியது.

செய்முறை இதுதான்: ஒரு தடை, அதைச் சுற்றிப் போன ஒரு தந்திரம், தடை போன பிறகும் தந்திரம் தங்கிவிட்டது. மூன்றையும் எழுதுங்கள். வற்றுக்கரையில் உயிரோடு இருக்கும் எவர் பெயரையும் ஆட்டத்தில் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் தடை போட்டார்கள். பின்பாட்டுக்காரர்கள் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு தாள அளவுக்கு நிறுத்தினார்கள். அந்த நிறுத்தத்தில் யார் பெயர் என்பது கூட்டத்துக்குத் தெரியும். இப்போது தடை இல்லை, நிறுத்தம் மட்டும் இருக்கிறது, எந்தத் தலைவர் கரைக்கு வந்தாலும் அந்த நிறுத்தத்துக்குப் பயப்படுகிறார்.

6. வேடமும் நிறமும்

ஒளியை முடிவு செய்த பிறகுதான் உடை. தெருக்கூத்தின் பெரிய வேடங்களுக்கு மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்த, கட்டை என்னும் அணிகள், விளக்கு வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பி அடிக்கும். பீக்கிங் ஓபராவில் சிவப்பு முகம் விசுவாசம், வெள்ளை முகம் வஞ்சகம், தூரத்திலிருந்தே தெரியும். கிரேக்கத் துன்பியல் நாடகத்தில் பேசும் நடிகர் மூவர்தான், முகமூடியை மாற்றித்தான் அத்தனை பாத்திரங்களையும் கொண்டுவந்தார்கள்.

நிலா வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு நிறம் அநேகமாகத் தெரியாது. பௌர்ணமி ஆட்டத்தில் செம்பட்டு உடுத்தினால் கறுப்பாகத்தான் தெரியும். எனவே அங்கே வெள்ளைச் சிப்பியும் உருவ வடிவமும் மட்டும்: உயரமான தலைக்கட்டு, அகலமான தோள், கூன் முதுகு. அமாவாசை ஆட்டத்தில் தீப்பந்தம் எரிவதால் சிவப்பும் மஞ்சளும் எடுபடும், நீலம் இருளோடு கலந்துவிடும். அதனால் மறைந்து திரியும் பாத்திரத்துக்கு நீலம்.

பாத்திர வகை நான்கைந்துக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு வகை எழுதி அட்டவணை போட்டவர்களின் கதையில் மூன்று மட்டும்தான் வந்திருக்கும்.

7. எல்லோருக்கும் தெரிந்த குறிகள்

பழகிய கூட்டத்துக்கு ஒரு தட்டு போதும். தலாங் பெட்டியில் தட்டும் தட்டே கமெலன் வாசிப்பவர்களுக்கு உத்தரவு. பீக்கிங் ஓபராவில் கையில் சவுக்கு இருந்தால் குதிரை மேல் இருக்கிறார், ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் மலையாகவும் ஆகும், நீதிமன்றமாகவும் ஆகும். கபுகியில் கறுப்பு உடையில் வரும் உதவியாளர் கண்ணெதிரே நடந்தாலும் இல்லாதவராகக் கொள்ளப்படுகிறார்.

வற்றுக்கரைக்கு நான் வைத்தது ஒன்று, கடல்காவலர். ஆட்டம் முழுக்கத் தண்ணீர் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்து நின்றால் தண்ணீர் திரும்பிவிட்டது, ஆட்டக்காரர்கள் கதையைச் சுருக்க வேண்டும். சங்கு ஊதினால் எந்த வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்தி நடக்க வேண்டும். ஒரு குறியை வைக்கும்போது அது யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள். வெறும் அழகுக்காக வைத்த குறி இரண்டாம் முறை எழுதும்போது உங்களுக்கே மறந்துவிடும்.

8. யார் கற்கலாம், யார் சொத்து

கேரளத்தின் சம்ஸ்கிருத நாடக மரபான கூடியாட்டத்தில் வழிவழியாக நடிப்பு சாக்கியாருக்கும், பெண் வேடம் நங்கையாருக்கும், மிழாவு என்னும் மேளத்தின் வாசிப்பு நம்பியாருக்கும் உரியதாக இருந்தது. இப்படித் தெளிவான பிரிவு இருந்தாலே வாரிசு இல்லாத வீட்டில் என்ன ஆகும், வெளியாள் திறமையோடு வந்தால் என்ன ஆகும் என்று கதைகள் வரிசையாக வரும். எழுத்து இல்லாத சமூகம் என்றால் பாட்டு மனிதருக்குள்தான் இருக்கிறது. ஒருவர் இறந்தால் எத்தனை பாட்டு போகும் என்று முடிவு செய்யுங்கள். வற்றுக்கரையில் கடைசிக் காட்சிகள் தெரிந்தவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டும் என்று ஏற்கெனவே பார்த்தோம், அந்தக் காட்சிகள்தான் முதலில் அழியும்.

9. கூட்டம் என்ன செய்கிறது

பார்க்கிறவர்கள் அசையாமல் உட்கார்ந்து கடைசியில் கைதட்டுவது எல்லா இடத்துக்கும் பொதுவான பழக்கம் இல்லை. கபுகியில் சரியான நொடியில் நடிகரின் குடிப்பெயரைக் கூவுவது பார்வையாளருக்கு ஒரு திறமை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள்ளும் இருப்பான், கூட்டத்தோடும் பேசுவான், அரசனையும் கிண்டல் செய்வான். உங்கள் கூட்டம் எப்போது பேசலாம், எப்போது கூடாது, எதற்காக எழுந்து போவார்கள் என்பதை எழுதுங்கள். வற்றுக்கரையில் யாரும் உட்கார முடியாது, சேறு. நான்கு மணி நேரம் நிற்க முடியாத முதியவர்களுக்குப் பலகை போடுவார்கள், அந்தப் பலகையில் யாருக்கு இடம் என்பதில் ஊரின் மரியாதைக் கணக்கு முழுவதும் தெரியும்.

10. இப்போது பாட்டை எழுதலாம்

இங்கேயும் வரிக்கு முன் வேலையை முடிவு செய்யுங்கள். நாட்டிய சாஸ்திரம் துருவா என்னும் பாட்டுகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது, பாத்திரம் வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று, மனநிலை திடீரென்று மாறும்போது ஒன்று என்று. பாட்டு என்ன வேலை செய்கிறது என்பதை வைத்துப் பிரித்த பட்டியல் அது. சீனத்தின் குன்சு மரபில் மெட்டுகள் பெயரோடு ஏற்கெனவே இருக்கின்றன, கவிஞர் புதுச் சொற்களை அதற்குள் அமைக்கிறார். உங்கள் சமூகத்திலும் மெட்டு பழசு, சொல் புதுசு என்று வைத்தால் பாட்டைக் கேட்கும்போதே பழைய பாட்டின் நினைவும் கூட வரும்.

வற்றுக்கரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. இறந்தவர்தான் பாட வேண்டும், பின்பாட்டுக்காரர்களோ உயிரோடு இருக்கிறவர்கள். அவர்கள் எப்படிப் பாடலாம்? 'நான்' என்று பாட மாட்டார்கள். முன்பாட்டுக்காரர்:

கால் வைத்த இடமெல்லாம் நீர் ஊறும்,
விளக்கை அணைக்காதே, நான் வருவேன்.

பின்பாட்டு:

கால் வைத்த இடமெல்லாம் நீர் ஊறும்,
விளக்கை அணைக்காதே, அவன் வருவான்.

இரண்டு சொல் மாறியதில் வாக்குறுதி எச்சரிக்கையாகிவிட்டது. முதல் ஒன்பது படிகளும் இல்லாமல் இந்த இரண்டு அடியை எழுதியிருக்க முடியாது, எழுதியிருந்தாலும் அது வெறும் பாட்டாகத்தான் இருந்திருக்கும். புதியவர்கள் இங்கே செய்யும் தவறு முழுப் பாட்டையும் பக்கத்தில் போடுவது. வாசகருக்கு மெட்டு கேட்காது. இரண்டு அடி போதும், மீதியைக் கூட்டத்தின் முகத்தில் காட்டுங்கள்.

11. ஒரே மரபுக்குள் இரண்டு கட்சி

எல்லோரும் ஒரே மாதிரி ஆடும் மரபு செய்து வைத்தது போலத் தெரியும். நோ நாடகத்தில் தலைமை நடிகர்களுக்கு ஐந்து பள்ளிகள் உண்டு. தெருக்கூத்தில் வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி உண்டு. சண்டை சின்ன விஷயத்தில் இருக்க வேண்டும், ஆனால் இரு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். வற்றுக்கரையில்: கடல்காவலர் எழுந்ததும் கதையைச் சுருக்குவதா, இல்லை அதே வேகத்தில் ஆடிப் பாதியில் விடுவதா? சுருக்குபவர்கள் மக்களுக்குக் கதை முடிய வேண்டும் என்கிறார்கள். மற்றவர்கள், பார்வையாளர் கடல், கடலுக்கு மிச்சம் வைத்தால்தான் அடுத்த வருஷம் விடும் என்கிறார்கள். ஒரு கல்யாணம் நின்றுபோகும் அளவுக்கு இந்தச் சண்டை போதும்.

12. கதைக்குள் இறக்குவது, சோதிப்பது

இவ்வளவையும் சேர்த்த பிறகு எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். விளக்காதீர்கள். உள்ளூர்க்காரருக்குத் தன் மரபு விசித்திரமாகத் தெரியாது. வேலை செய்யும் ஒருவரின் கண்ணால் காட்சியை எழுதுங்கள், நாயகன் கூட்டத்தில் நின்று வியப்பதாக வேண்டாம். நெருப்பருகே மேளத்தைச் சூடு காட்டுகிற பையன் எதைக் கவனிப்பான்? தோல் இறுகிவிட்டதா, காற்று மாறுகிறதா, கடல்காவலர் எழுந்துவிட்டாரா. விதிகள் எல்லாம் அவன் கவலைகளாக வந்துவிடும்.

பிறகு சோதனை. ஒரு முழு நிகழ்ச்சியை, கதைக்குத் தேவை இல்லாவிட்டாலும், முதல் ஆள் சேற்றில் கால் வைப்பதிலிருந்து கடைசிப் பலகையைத் தூக்கிப் போவது வரை உங்களுக்காக மட்டும் இரண்டு மூன்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எங்காவது 'எப்படியோ' என்று எழுதத் தோன்றினால் அந்த இடத்துக்கான படியில் முடிவு எடுக்கவில்லை, அங்கே திரும்பிப் போங்கள். அப்படியே ஒரு விபத்தையும் நுழைத்துப் பாருங்கள்: முன்பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது, அல்லது மழையில் நெருப்பு அணைந்துவிட்டது. உங்கள் மக்கள் என்ன செய்வார்கள் என்று உடனே பதில் வந்தால் மரபு நிற்கிறது. வராவிட்டால் பெரும்பாலும் குறை மூன்றாம் படியிலோ நான்காம் படியிலோதான் இருக்கும், அந்த இரண்டை மட்டும் மறுபடி செய்துவிட்டு ஐந்திலிருந்து கீழே சரிபார்த்துக்கொண்டே வாருங்கள். பெயர் வைப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.